ஏற்கனவே புதைக்கப்பட்டவர்

தோட்ட ஆபீஸ் கிளாக்கர் விஜேந்திரன் இரண்டாவது தடவையும் புத்தகத்தைத் திருப்பி யசோதினியின் பக்கம் தள்ளினார். ஒரு வரியின் கீழே விரலை வைத்துக்கொண்டார்.

"நீங்களே பாருங்க தங்கச்சி. இராமையா, ஆறாம் லயம், எட்டாம் காம்பரா. மயானத்துல எட்டடி குடுத்தாச்சு. மூணு வருசமாகுது. தொரை கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு."

"எங்கப்பா நேத்துக் காலையிலதான் செத்தாரு ஐயா."

"அத நான் இல்லன்னு சொல்லல. பொஸ்தகத்துல இருக்கிறதச் சொல்றேன்."

கொழும்புக்குப் பக்கத்து வத்தளையிலிருந்து இரவு பஸ் ஏறி, பதுளையில் இறங்கி, வேன் பிடித்து, விடிவதற்குள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவள் யசோதினி. அப்பாவின் முகத்தை ஒழுங்காக ஒரு தடவை பார்க்கவில்லை. அதற்குள் இந்த ஆபீஸ் மேட்டை மூன்று முறை ஏறி இறங்கிவிட்டாள். முதல் முறை பூட்டியிருந்தது. இரண்டாம் முறை கிளாக்கர் ஐயா வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பதாகச் சொன்னார்கள். இப்போது ஆள் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது, அப்பாதான் மூன்று வருடத்துக்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார்.

"அது படத்துக்கு வெட்டுன குழிங்க. கொழும்புல இருந்து படம் எடுக்க வந்தாங்க. அப்பா அதுல நடிச்சாரு. அதுக்காக ஒங்க ஆபீஸ்ல கேட்டு வெட்டுனது."

"படம்னு இதுல எழுதலையே."

"இல்லாட்டி என்னான்னு எழுதியிருக்கு?"

"புதைகுழி அனுமதின்னு எழுதியிருக்கு." விஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதுளை டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. இந்தத் தோட்டத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பேனையை மேசையில் வைக்கும்போதுகூட அடிமட்டத்துக்கு நேராக வைக்கிற மனிதர். "நான் வர்றதுக்கு முந்தி நடந்தது. தோட்டத்துல குழி வெட்ட இந்த ஒரு பொஸ்தகம்தான் இருக்கு. எதுக்கு வெட்டினாலும் இதுலதான் ஏறும்."

"சரி, அப்ப வேற எடம் எழுதித் தாங்க. எங்கம்மாவுக்குப் பக்கத்துல."

"புதுசா எழுத முடியாது. போன வருசத்துல இருந்து புது ஓடர். வீட்டுல ஒராளாவது தோட்டத்துல பேர் பதிஞ்சு வேல செய்யணும். ஒங்கப்பா பென்சன் எடுத்துப் பதினாலு வருசம். நீங்க வத்தளையில இருக்கீங்க. பதுளைக்குக் கொண்டு போங்க, அங்க பொது மயானம் இருக்குதானே."

"எங்கம்மா இங்கதான் கெடக்காங்க." அவளுடைய குரல் உயர்ந்துவிட்டது. "ஒம்பது வருசமா இங்க கெடக்காங்க. அவங்களுக்குப் பக்கத்துலதான் அப்பாவ வைக்கணும். நான் வேற ஒண்ணும் கேக்கல."

"தொரைகிட்ட பேசிப் பாருங்க."

தோட்டத்தை நடத்தும் துரை கொழும்பில் மீட்டிங்கில் இருந்தார். அவருடைய போன் அணைக்கப்பட்டிருந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ராகு காலம் பிறக்கிறது. இரண்டரைக்குள் பெட்டியைத் தூக்கியாக வேண்டும். ஆபீஸ் கடிகாரத்தில் மணி பதினொன்றே கால்.

ஒரு தடவை சாகிற மனிதனுக்கே இந்த நாட்டில் காகிதம் சேர்த்து முடிவதில்லை. இராமையா இரண்டு தடவை செத்திருந்தார்.

முதல் சாவு படத்துக்காக. தனியாக வாழ்கிற ஒரு கிழவர் வேண்டும் என்று கொழும்பிலிருந்து ஆறு பேர் வந்து, தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாகத் தேடி, கடைசியில் அவரைப் பிடித்தார்கள். இருபத்திரண்டு நாள் எடுத்தார்கள். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு கிழவர் ஒற்றையறைக் காம்பராவில் தனியாகக் கிடக்கிறார், யாரும் வருவதில்லை, செத்துப்போகிறார், மூன்று நாளைக்கு யாருக்கும் தெரிவதில்லை. வெளிநாடுகளில் எல்லாம் காட்டினார்களாம். பார்த்தவர்கள் தூக்கம் வரவில்லை என்று எழுதினார்களாம். யசோதினி தையல் மெஷினில் இருக்கும் கார்மெண்ட்ஸில், சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி போனை நீட்டி, "இது ஒங்க ஊருப் பக்கம்தானே?" என்று கேட்டாள். அரைக்கண் திறந்து, உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்திருக்க, பாயில் கிடந்தது அவளுடைய அப்பா.

அன்றைக்கே போன் எடுத்துக் கத்தினாள். "உசுரோட இருக்கப்பவே பொணமாப் படுத்திருக்கீங்களே, வெக்கமா இல்லையா ஒங்களுக்கு?"

"நல்லாப் படுத்திருந்தேனா?" என்று கேட்டுச் சிரித்தார் மனிதர்.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவள் பேசவில்லை. படத்தை எடுத்த பெண் அனுப்பிய லிங்க் அவளுடைய போனில் இரண்டு வருடத்துக்கு மேலாகத் திறக்காமல் கிடந்தது.

கீழே லயத்தில் வெள்ளைக்கொடி கட்டி முடித்திருந்தார்கள். தப்படிக்கிறவர்கள் வந்து பால் இல்லாத சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கணவன் ரஜீவ், சாகும் முன் நான்கு முறைதான் பார்த்த மாமனாருக்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். தம்பையா மம்பட்டியும் பாறை நெம்பும் அலவாங்கும் எடுத்த மூன்று இளைஞர்களோடு காத்திருந்தார். தோட்டத்தில் எந்தச் சாவு விழுந்தாலும் சடங்கு சொல்லி நடத்துகிறவர் அவர்தான்.

"எங்க வெட்டட்டும் தாயி?" என்று கேட்டார்.

அவள் அடுத்த வீட்டுக் காம்பராவுக்குள் போனாள். நல்லம்மா அடுப்படியில் பெரிய கேத்தலை இறக்கிக்கொண்டிருந்தாள். நேற்றுக் காலை ஆறு மணிக்குச் சாயத்தண்ணி கொண்டுபோய், இராமையா குப்புறக் கிடப்பதைப் பார்த்துக் கத்தியது அவள்தான். பத்து நிமிடத்தில் லயமே அவருடைய காம்பராவில் நின்றது.

"அக்கா, அந்தப் படத்துக்கு எங்க குழி வெட்டுனாங்க?"

நல்லம்மா கேத்தலைக் கீழே வைத்தாள். "ஒங்கம்மாவுக்குப் பக்கத்துல."

"அங்கயா? அங்க எதுக்கு?"

"ஒங்கப்பா சொன்ன எடம்தான். அந்தப் புள்ளைக கோயிலுக்குப் பின்னால ஒரு மேட்டுல சும்மா வெட்டிக்கிறோம்னுதான் சொன்னாங்க. இவரு ஒத்தக்கால்ல நின்னாரு. எம் பொஞ்சாதிக்குப் பக்கத்துல வெட்டுனாத்தான் நடிப்பேன், இல்லாட்டி வேற ஆளப் பாருங்கன்னுட்டாரு. அந்தப் புள்ளைகள ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனதும் அவரேதான். அங்க பாறை யசோ. ரெண்டு நாளா வெட்டுனாங்க. இவரு கம்ப ஊனிக்கிட்டு மேல நின்னு, இன்னும் போ இன்னும் போன்னு அவனுகள வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு."

"என்னா எழவுக்கு இதெல்லாம்?"

"நானும் கேட்டேன். பஸ்ஸுல துண்டு போட்டு வைக்கிறதில்லையா நல்லம்மா, அந்த மாதிரின்னாரு. பேரு இல்லாதவங்களுக்கு இனிமே எடம் இல்லன்னு அப்பவே பேச்சு அடிபட்டுச்சு."

இரண்டு வருடத்துக்கு மேலாக யசோதினி அந்தப் படத்தைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். படக்காரர்கள் ஏமாளிக் கிழவரைப் பிடித்துப் பிணமாகப் படுக்க வைத்துவிட்டார்கள் என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். ஏமாளி யார் என்று இப்போதுதான் தெரிந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே."

நல்லம்மா கேத்தலின் மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு மூடினாள். "ஆபீஸுல என்னென்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

வெளியே தம்பையாவுக்கு வேறொரு சிக்கல் இருந்தது. "வெட்டுன குழிய வெறுமனே மூடக்கூடாதுன்னு வாழைத்தண்டப் பொதைச்சோம் தாயி. சும்மா பொதைக்கல, இராமையா இராமையான்னு அவரு பேரச் சொல்லித்தான் மண்ணு தள்ளுனோம். மூடுன குழியத் தொறக்கிறது எப்புடி?"

"அவரு பேரச் சொல்லி மூடுனா அது அவரு எடம்தானே?" என்றாள் நல்லம்மா உள்ளேயிருந்து. "வேற எவன் எடம்?"

தம்பையா தாடையைத் தடவினார். "ஆபீஸுல எழுத்து வாங்கிட்டு வாங்க. வெட்டித் தாரேன்."

நான்காவது தடவையாக மேடு ஏறினாள். விஜேந்திரன் சோற்றுப் பார்சலைப் பிரித்து வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவருடைய முகம் சுருங்கியது.

"அந்தக் குழியில எங்கப்பா இல்ல. படத்தக் காட்டுறேன், நீங்களே பாருங்க."

"எத்தன மணித்தியாலப் படம்?"

"ரெண்டு."

"எங்க இருந்து பாக்கணும்?"

"தெரியாதுங்க. நான் பாத்ததில்ல."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தண்ணீர்ப் போத்தலை நகர்த்தி, அதில் போனைச் சாய்த்து வைத்தார்.

முதலில் மழை வந்தது. தகரத்தின் ஓட்டை வழியாகச் சொட்டும் நீர் ஒரு வாளியில் விழுந்துகொண்டே இருந்தது. வாளியைப் பார்த்துக்கொண்டு இராமையா உட்கார்ந்திருந்தார். கேமரா அசையவில்லை, அவரும் அசையவில்லை. "கதை எப்பத் தொடங்கும்?" என்று விஜேந்திரன் கேட்டார். அவள் விரலால் தள்ளிவிட்டாள். இராமையா ஒருவருக்கு மட்டும் தேத்தண்ணி ஊற்றினார். தள்ளினாள். ரொட்டியைப் பிய்த்து நீண்ட நேரம் மென்றார். அந்தத் தட்டு, அந்தப் பாய், சுவரில் அவளுடைய கல்யாணத்துக்கு அடித்த நீலப் பெயின்ட் எல்லாம் அப்படியே இருந்தன. நல்லம்மாவின் கதவு மட்டும் படம் முழுக்க மூடிக் கிடந்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை திறக்கிற கதவு அது. பொய்க்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது படத்தில் அவர் பேசினார். யாரிடம் என்று தெரியவில்லை, சுவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"எனக்கு யாரும் இல்ல. புள்ள இல்ல, குட்டி இல்ல."

நடிப்பு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வலித்தது. அவள் கடைசியாக இந்த லயத்துக்கு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லி, ஓவர்டைம் வந்து, பொங்கலுக்கு என்று மாற்றி, அதுவும் போயிருந்தது. விஜேந்திரன் அவளைப் பார்க்காமல் போனையே பார்த்தார்.

பிறகு அவர் செத்தார். ஈ வந்தது. வெளிச்சம் ஜன்னலில் ஏறி இறங்கி மறுபடி ஏறியது. விஜேந்திரன் சோற்றுப் பார்சலை மடித்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். யசோதினி கண்ணை மூடிக்கொண்டு விரலால் தள்ளினாள். திறந்தபோது மயானம் வந்திருந்தது. உயரத்திலிருந்து எடுத்திருந்தார்கள். பனிப்புகார் இறங்கிய தேயிலைக்கு நடுவில் நான்கு பேர் ஒரு பெட்டியைச் சுமந்து வந்தார்கள். தூரத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள்.

"நில்லுங்க" என்றார் விஜேந்திரன். "கொஞ்சம் பின்னுக்குப் போங்க."

படத்தின் ஓரத்தில், குரங்குத் தொப்பி போட்டுக்கொண்டு, குடையைப் பிடித்தபடி ஒரு ஆள். மற்றவர்கள் பெட்டியைப் பார்த்து நின்றார்கள். இந்த ஆள் மட்டும் குழியின் விளிம்புக்குப் போய், கையிலிருந்த கம்பை உள்ளே விட்டு ஆழம் பார்த்தார். பிறகு கம்பைத் திருப்பி, அம்மாவின் குழி மேட்டுக்கும் இதற்கும் நடுவில் வைத்து இடைவெளி அளந்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

விஜேந்திரன் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். "இது யாரு?"

"அப்பா."

"அப்ப பெட்டிக்குள்ள?"

"வாழைத்தண்டுங்க."

விஜேந்திரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே வாயைப் பொத்திக்கொண்டார். "மன்னிச்சுக்கங்க தங்கச்சி." படம் எடுத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டார்களா தெரியவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் ஆவி என்று நினைத்திருப்பார்கள். அதனால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரவில்லையோ என்னவோ. சொந்தக் குழிக்கு மேஸ்திரி வேலை பார்த்துக்கொண்டு நின்ற மனிதரை யசோதினி பார்த்தாள். இப்போதே அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது.

"அப்ப இந்த எடத்த இன்னும் பாவிக்கல, காலியாத்தான் இருக்கு" என்றார் விஜேந்திரன். குரலில் ஒரு உற்சாகம் வந்திருந்தது. "அனுமதி அப்படியே இருக்கு. புதுசா எழுதத் தேவையில்ல, புது ஓடரும் இதுக்குப் பொருந்தாது. இன்னிக்கித் தேதியப் போட்டுட்டா முடிஞ்சுது." புத்தகத்தை இழுத்தார். வரியை இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போன விரல் பாதியில் நின்றது.

அவர் கையை எடுக்கவில்லை. அவளே குனிந்து படித்தாள். வாரிசு: இல்லை. ஆதரவற்றவர் என்ற வகையில் வழங்கப்பட்டது. அதற்குக் கீழே அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதுகிற கை. இது படத்து வசனம் இல்லை; நடிப்பதற்கு யாரும் இந்தப் புத்தகத்தை நீட்டியிருக்க மாட்டார்கள்.

"பழைய தொரை அந்த மாதிரி ஆளுகளுக்குத்தான் கேள்வி கேக்காம எடம் குடுத்திருக்காரு" என்றார் விஜேந்திரன் மெதுவாக. "புள்ள வெளியில இருக்குன்னு தெரிஞ்சா, அங்க கொண்டு போகச் சொல்லிருவாங்க."

யசோதினி அந்த வரியை மறுபடி படித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு லொறி கொழுந்து ஏற்றிக்கொண்டு பெக்டரிப் பக்கம் போனது.

"பிரேதத்தப் பொறுப்பெடுக்கிறவங்க பேரும் உறவும் வேணும். இந்தக் கட்டத்துல." அவர் பேனையை எடுத்து அவள் பக்கம் வைத்தார். "மகள்னு போட்டா அனுமதி பொய்யாப் போயிரும். நாளைக்கித் தொரை வந்து பாத்துட்டு, தோண்டி எடுக்கச் சொன்னாலும் சொல்லுவாரு. நான் பயமுறுத்தல. நடக்கக்கூடியதச் சொல்றேன்."

"என்னயத் தூக்கி வளத்த மனுசனுக்கு நான் யாருன்னு எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

விஜேந்திரன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். கடிகாரத்தில் ஒன்று நாற்பது. காலையிலிருந்து யார் மேல் கோபப்படுவது என்று அவளுக்குத் தெளிவாக இருந்தது. கிளாக்கர் மேல், துரை மேல், படக்காரர்கள் மேல். இப்போது யாரை எடுத்தாலும் கை வழுக்கியது. இருபது வருடம் இதே தோட்டத்தில் கொழுந்து சுமந்தவளுக்குப் பக்கத்தில் எட்டடி கிடைக்க, பெற்ற பிள்ளையை இல்லை என்று எழுத வேண்டியிருந்திருக்கிறது அந்த மனிதருக்கு. அதைத் தன்னிடம் சொன்னால், வேண்டாம் என்று சண்டைக்கு வருவாள் என்றும் தெரிந்திருக்கிறது. வந்துதான் இருப்பாள்.

"பக்கத்து வீடுன்னு எழுதுங்க" என்றாள்.

"நீங்கதான் எழுதணும் தங்கச்சி. ஒங்க கையால."

அவள் பேனையை எடுத்து 'அயலவர்' என்று எழுதினாள். பக்கத்துக் கட்டத்தில் பெயர் எழுத வந்தபோது, கை பழக்கத்தில் 'இ' என்று இனிஷல் போடப் போனது. விஜேந்திரன் தொண்டையைச் செருமினார்.

"கணவர் பேர்ல போடுங்க."

'ர. யசோதினி' என்று போட்டாள். அவர் அடிமட்டத்தை வைத்துக் கீழே கோடு இழுத்தார்.

குழி வெட்டப் போன இளைஞர்கள் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். அலவாங்குக்கு வேலையே இருக்கவில்லை. பாறையெல்லாம் மூன்று வருடத்துக்கு முன்பே வெளியே வந்து, ஓரத்தில் பாசி பிடித்துக் கிடந்தது. அடியில் கறுப்பாக நைந்த வாழைத்தண்டு கொஞ்சம் வந்தது. தம்பையா அதை ஒரு வாழை இலையில் எடுத்து, தேயிலைக்கு அடியில் மரியாதையாக வைத்தார்.

இரண்டு இருபதுக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தப்புச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. நமுனுகுல மலைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டிருந்தது. லயத்து ரோட்டு முடக்கில் பெண்கள் வழக்கம்போல் நின்றுவிட்டார்கள். யசோதினி நிற்கவில்லை. தம்பையா திரும்பிப் பார்த்தார், பிறகு முன்னால் நடந்தார்.

விஜேந்திரன் அங்கே முன்னமே வந்து நின்றார். ஆபீஸிலிருந்து ஒராள் நின்று பார்க்க வேண்டும் என்பது சட்டம். புத்தகத்தை ஷொப்பிங் பேக்கில் சுற்றி அக்குளில் வைத்திருந்தார். டேப்பை விரித்துக் குழியை நீளமாக அளந்தார். எட்டடிக்கு ஒரு அங்குலம் குறைவாகவே இருந்தது. அதையும் குறித்துக்கொண்டார்.

பெட்டி இறங்கியது. கயிற்றை உருவினார்கள். ரஜீவ் குடத்தை உடைத்துவிட்டு ஒதுங்கினான். தம்பையா எல்லாச் சாவிலும் கூப்பிடுவதைப் போல உரத்த குரலில் கூப்பிட்டார்.

"பெத்த புள்ள முன்னுக்கு வாங்க. மண்ணு போடுங்க."

கூப்பிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ரஜீவ் வழியாக எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தம்பையா கிளாக்கர் ஐயாவைப் பார்த்தார். மம்பட்டியோடு நின்ற இளைஞர்களும் பார்த்தார்கள். யசோதினி குழிக்கு இரண்டடி தள்ளி, கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அயல் வீட்டுக்காரியாக நிற்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

விஜேந்திரன் குடையை விரித்தார். மழை இன்னும் இறங்கவில்லை. குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, குழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்.

யசோதினி மண்டியிட்டு மண்ணை அள்ளினாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரித்தான் சொன்னாள். மூன்று பிடி போடுவது வழக்கம். அவள் நான்காவதும் போட்டாள், ஐந்தாவதும் போட்டாள். மம்பட்டிக்காரர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவள் முடித்து எழுந்திருக்கும்வரை, எதிரில் இருந்த தேயிலையை விஜேந்திரன் நிரை நிரையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.